மாமாவோட கிட்டார்: மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வழக்கமா இங்க கோடிங், வேலை, இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு அதுக்கெல்லாம் லீவு. நாலு மாசமா என் ரூம் மேஜையில பிரிச்சுப் போட்டுக் கிடந்த ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைப் பத்திப் பேசப் போறேன். கிட்டார் வாசிக்கத் தெரியாதவங்களும் கேட்கலாம். எனக்கே நாலு கார்டுதான் ஒழுங்கா வரும்.

கிட்டார் என்னோடது இல்ல, என் பெரிய மாமாவோடது. மதுரையில ஒரு ஆர்கெஸ்ட்ராவில வாசிச்சிட்டு இருந்தார். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சி மாநாட்டுக்கு முந்தின கச்சேரின்னு ராத்திரி முழுக்க வேன்ல சுத்தினவர். நான் பிறந்து ரெண்டு வருஷத்துல நிறுத்திட்டார். அதனால அவர் வாசிச்சு நான் கேட்டதே இல்ல. வீட்டுல ஒரு போட்டோ மட்டும் உண்டு. பெல்பாட்டம் மாதிரி ஒரு பேன்ட், பின்னாடி சீரியல் லைட்டு, கையில இந்தக் கிட்டார்.

ஏன் நிறுத்தினார்னு வீட்டுல எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வாங்க. ஒரு கச்சேரி நடுவுல கிட்டார் சத்தமே இல்லாம நின்னுபோச்சு. மறுநாள் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோயிருக்கார். கடைக்காரர் தட்டிப் பார்த்துட்டு, "உள்ள காயில் போயிடுச்சு, மூணையும் மாத்தணும்"னு ஒரு தொகை சொல்லியிருக்கார். அது அவருக்கு மூணு மாசக் கச்சேரிப் பணம். கிட்டார் பரணுக்குப் போச்சு. மாமா ஒரு ஜவுளிக் கடையில கணக்கு எழுதப் போனார். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

போன தடவை ஊருக்குப் போனப்ப பரணைச் சுத்தம் பண்ணாங்க. நான் கேட்டேன், "மாமா, இதை நான் எடுத்துட்டுப் போகவா?" "எடுத்துக்கடா மாப்ள. விறகுக்குக்கூட ஆகாது"ன்னார்.

ஒரு ரேடியோ மெக்கானிக் செஞ்ச டிசைன்

இது ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் காப்பி. தலையில இருந்த கம்பெனிப் பேர் உரிஞ்சே போச்சு. ஒரிஜினல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல வந்தது. அதை உருவாக்கின லியோ ஃபெண்டர், அமெரிக்காவுல கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன்கிற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். சுவாரஸ்யம் என்னன்னா, அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனா ரிப்பேர்காரன் கஷ்டம் தெரியும். கழுத்தைப் பசை போட்டு ஒட்டாம நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். கேபிள் ஜாக்கைத் தவிர எலக்ட்ரிக்கல் சாமான் எல்லாத்தையும் முன்னாடி இருக்கிற பிளாஸ்டிக் தட்டுலயே கோத்தார். தட்டைக் கழட்டினா பிக்கப், ஸ்விட்ச், வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் ஒண்ணா கையோட வந்துடும். நம்ம பாஷையில சொன்னா, மாட்யூலர் டிசைன்.

அதனாலதான் நம்மளை மாதிரி ஆளுங்க வீட்டுல உட்கார்ந்து இதைப் பிரிக்க முடியுது. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சாயங்காலம் சுத்தினா எல்லாம் கிடைச்சிடும்.

கார்ட்டுல இருந்த பிக்கப்

இப்ப என் தப்பைச் சொல்றேன். ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடியே நான் என்ன பண்ணேன்? ஆன்லைன்ல மூணு பிக்கப் ஒரு செட், புது ட்யூனர், புது பிரிட்ஜ், எல்லாத்தையும் கார்ட்டுல போட்டேன். பழைய கோடைப் பார்த்ததும் "இதை முழுசா ரீரைட் பண்ணிடலாம்"னு நமக்கு ஒரு கை அரிக்கும் பாருங்க, அதே அரிப்பு. கடைக்காரர் காயில் போச்சுன்னு சொல்லிட்டார், அப்புறம் என்ன?

நல்லவேளை, மாசக் கடைசி. பணம் இல்ல. சம்பளம் வர்ற வரைக்கும் சும்மா திறந்து பார்ப்போம்னு திறந்தேன்.

பிக்கப்னா என்னன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடறேன். ஒரு காந்தம். அதைச் சுத்தி தலைமுடியை விட மெல்லிசான செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேல இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுது, காயில்ல ஒரு சின்ன மின்சாரம் உண்டாகுது. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்ல படிச்ச ஃபாரடே விதிதான். இந்தக் காயில் எங்கேயாவது அறுந்திருந்தா மல்டிமீட்டர் சொல்லிடும். ஓம்ஸ்ல வெச்சு ரெண்டு முனையில தொட்டா, இந்த வகைப் பிக்கப்புக்குப் பொதுவா 5-லேருந்து 7 கிலோ ஓம் காட்டணும். அறுந்திருந்தா எதுவும் காட்டாது.

நான் அளந்தேன். முதல் பிக்கப் 5.8. நடுவுல 5.9. கடைசி 6.1.

மூணுமே உயிரோட இருக்கு.

ரெண்டு தடவை, மூணு தடவை அளந்தேன். அதே நம்பர்தான். சரி, காயில் போகலை. அப்ப சத்தம் எங்க போச்சு? ஸ்விட்ச்சுக்கு அப்புறம் அளந்தேன், சரியா இருக்கு. வால்யூம் கன்ட்ரோலுக்கு அப்புறம், சரியா இருக்கு. கேபிள் சொருகுற ஜாக்குல பின்பக்கம் முனையைத் தொட்டு அளந்தேன், அங்கேயும் 6 கிலோ ஓம் பக்கம். எல்லாம் சரி. கேபிளைச் சொருகி ஆம்ப்ல போட்டா சத்தம் இல்ல.

லோக்கல்ல ஓடுது, ப்ரொடக்ஷன்ல ஓடலை. இந்த வலி நம்ம எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டு ராத்திரி போச்சு. மூணாவது நாள்தான் புத்தி வந்துச்சு. நான் அளக்கும்போது கேபிள் சொருகி இல்ல. ஓடும்போது சொருகி இருக்கு. வித்தியாசம் அது ஒண்ணுதான். கேபிளைச் சொருகிட்டு, அதோட மறுமுனையில அளந்தேன். பூஜ்யம். முழு ஷார்ட்.

ஜாக்குக்குள்ள ஒரு வளைஞ்ச தகடு இருக்கும். பிளக் உள்ள போகும்போது அது கொஞ்சம் விலகும். சிக்னல் வயர் அந்தத் தகட்டோடதான் சேர்ந்திருக்கு. இந்தக் கிட்டார்ல ஜாக்குக்குப் போறது ஷீல்டு வயர். நடுவுல சிக்னல், அதைச் சுத்தி எர்த்துக்கான செம்பு இழைப் பின்னல். அந்தப் பின்னல்லேருந்து ஒரே ஒரு இழை பிரிஞ்சு நீட்டிட்டு இருந்தது. பிளக் போனதும் தகடு நகர்ந்து அந்த இழையைத் தொடுது. சிக்னல் எல்லாம் நேரா எர்த்துக்குப் போயிடுது. பிளக்கை எடுத்தா தொடாது, எல்லாம் சரியாத் தெரியும்.

டார்ச் அடிச்சுப் பார்த்தாதான் கண்ணுக்கே தெரிஞ்சது. நகவெட்டியால வெட்டினேன். திரும்பத் தொட்டுடக் கூடாதுன்னு ஒரு சின்ன ஸ்லீவ் மாட்டினேன். கேபிளைச் சொருகி விரல்ல ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் வந்துச்சு.

சந்தோஷப்பட வேண்டிய நேரம், இல்லையா? நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். ஒரு மனுஷன் இருபத்தஞ்சு வருஷமா வாசிக்காம இருந்ததுக்கு இதுவா காரணம்? இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? சொல்லணுமா?

எதை மாத்தினேன், எதை விட்டேன்

அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வேலை உதவுச்சு. கார்ட்டைக் காலி பண்ணிட்டு, எனக்கு நானே ஒரு விதி வெச்சேன். அளந்து பார்த்து கெட்டுப்போனதுன்னு உறுதியானாதான் மாத்தணும். மாத்துறது எதுவானாலும் நாளைக்குத் திரும்பப் பழையபடி ஆக்க முடியணும்.

மாத்தினது ரொம்பக் கம்மி. தலைப்பக்கம் கம்பி உட்காருற நட், பிளாஸ்டிக், வெடிச்சிருந்தது. எலும்புல செஞ்ச நட் வாங்கி, பள்ளங்களைக் கொஞ்சம் கொஞ்சமா ராவி உட்கார வெச்சேன். முதல் நட்டுல ஒரு பள்ளத்தை ஆழமா ராவிட்டேன், அது குப்பைக்குப் போச்சு. ராவும்போது மாஸ்க் போடுங்க, எலும்புத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்ல. கரகரன்னு சத்தம் போட்ட வால்யூம், டோன் கன்ட்ரோல்களுக்கு கான்டாக்ட் கிளீனர் அடிச்சேன். ரெண்டு சரியாச்சு, ஒண்ணை மாத்தினேன். 250 கிலோ ஓம், பழைய அதே மதிப்பு.

அப்கிரேடுன்னு சொன்னா ஒண்ணே ஒண்ணுதான். உள்பக்கக் குழி முழுக்க செம்பு டேப் ஒட்டி எர்த்தோட சேர்த்தேன். நம்ம பழைய எபிசோடுகள்ல அடியில ஒரு "ம்ம்ம்" கேட்டுட்டே இருக்கும்னு நிறைய பேர் திட்டியிருக்கீங்க. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதுதான் அந்த "ம்ம்ம்". ஒத்தைக் காயில் பிக்கப் அதை ஆன்டெனா மாதிரி இழுக்கும். டேப் ஒட்டினா டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர்லேருந்து வர்ற கொரகொரப்பு நல்லாக் குறையும். காயில் நேரடியா இழுக்கிற அந்த "ம்ம்ம்" முழுசாப் போகாது. இன்னொண்ணு, தயவுசெஞ்சு ஆம்ப் பிளக்கோட எர்த் பின்னை உடைக்காதீங்க. ஆம்பைத் திறக்கவும் செய்யாதீங்க. ஆஃப் பண்ணின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல ஆளை அடிக்கிற அளவுக்குக் கரன்ட் நிக்கும். கிட்டார் வேற, ஆம்ப் வேற.

கழுத்து வறண்டு போயிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாங்க. அம்மாவுக்கு எல்லாத்துக்கும் தேங்காய் எண்ணெய்தான். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்து சிக்கு வாடை அடிக்கும்னு சொல்லி, கிட்டாருக்குன்னே விக்கிற லெமன் ஆயிலை ரெண்டு சொட்டு விட்டுத் துடைச்சேன். புதுக் கம்பி மாட்டினதும் கழுத்து மேல கிட்டத்தட்ட 40 கிலோ இழுவை வரும். அதைத் தாங்க உள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, ட்ரஸ் ராட்னு பேர். அதைக் கால் சுற்றுக்கு மேல ஒரே தடவையில திருகாதீங்க. திருகிட்டு, ஒரு நாள் விட்டு அளந்து பாருங்க.

விட்டது நிறைய. பெயின்ட் வெடிப்பு, பெல்ட் பக்கிள் உரசின கீறல், எதையும் தொடலை. ஃபிரெட்டுகள் தேய்ஞ்சிருந்தது. எல்லா இடத்துலயும் இல்ல, அஞ்சாவதுலேருந்து எட்டாவது வரைக்கும், மேல ரெண்டு கம்பிக்கு அடியில மட்டும் பள்ளம். மாமா எங்க அதிகமா வாசிச்சாருன்னு அது லாக் ஃபைல் மாதிரி சொல்லுது. கம்பி அடிக்காத அளவுக்கு லேசாச் சமப்படுத்திட்டு விட்டுட்டேன்.

தலைக்குப் பின்னாடி ஒரு சிவப்புக் கறை. துரு மாதிரி இருந்தது. பஞ்சுல ஆல்கஹால் தொட்டு வெச்சுட்டேன். அப்பதான் அம்மா பார்த்துட்டு, "ஏய், அது குங்குமம்டா. ஆயுத பூஜைக்கு மாமா வருஷா வருஷம் வைப்பான்"னாங்க. பஞ்சைத் தூக்கிப் போட்டேன்.

மதுரைக்கு

பொங்கலுக்கு வைகை எக்ஸ்பிரஸ்ல கிட்டாரையும் ஒரு சின்ன ஆம்பையும் எடுத்துட்டுப் போனேன். மாமா கையில கொடுத்தேன். முதல்ல திருப்பிப் பின்பக்கம்தான் பார்த்தார். குங்குமத்தை. அப்புறம் உட்கார்ந்து வாசிச்சார். விரல் அஞ்சுலேருந்து எட்டுக்குத் தானாப் போச்சு. மூணு நிமிஷம் இருக்கும். விரல் நுனி சிவந்துடுச்சு, வெச்சுட்டார்.

"என்னடா கோளாறு இருந்துச்சு? காயில் மாத்தினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா மாமா, நிறைய செலவு"ன்னு சொல்லியிருந்தா அவருக்கு ஆறுதலாக்கூட இருந்திருக்கும். ஆனா போன்ல அந்த இழையோட போட்டோ இருந்தது. காட்டிட்டேன்.

ரொம்ப நேரம் பெரிசாக்கிப் பார்த்துட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: "கிட்டார் போனதால நான் நிறுத்தலைடா மாப்ள. அப்பவே கீபோர்டு வந்து எங்க பாதிப் பேரு வேலை போச்சு. மாசத்துக்கு ரெண்டு கச்சேரி வந்தாலே பெரிசு. உங்க அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். அவன் காயில் போச்சுன்னதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. அதான் இன்னொரு கடைக்குக் கொண்டுபோகலை."

நாலு மாசமா நான் எந்தப் பிரச்சினைக்குக் காரணம் கண்டுபிடிச்சேன்னு நினைச்சேனோ, அந்தப் பிரச்சினையே வேற. மல்டிமீட்டர் கிட்டாரை மட்டும்தான் அளக்கும்.

அப்புறம் மாமா கிட்டாரைத் திரும்ப எடுத்து, "கம்பி என்னடா தரையில கிடக்கு? தூக்கு, அழுத்தி அடிச்சா இடிக்குது"ன்னார். என் கைக்கு ஏத்த மாதிரி பன்னிரண்டாவது ஃபிரெட்ல 1.5 மில்லிமீட்டர் வெச்சிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து 2-க்கு ஏத்தினேன். யார் வாசிக்கப் போறாங்கன்னு நான் கேட்கவே இல்ல பாருங்க.

கிட்டாரை மதுரையிலேயே விட்டுட்டு வந்துட்டேன். ஆம்பையும்தான். தினமும் வாசிக்கிறாரான்னு கேட்டா, "விரல் வலிக்குதுடா"ங்கிறார். வலிக்குதுன்னா வாசிக்கிறார்னு அர்த்தம்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாவது இருந்தா, வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. அதோட சொந்தக்காரர் உயிரோட இருந்தா, பிரிக்கிறதுக்கு முன்னாடி அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.