பிளாஸ்டிக்கும் நம் கைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. மதுரை மாநகரில் நாள்தோறும் வீசி எறியப்படும் பிளாஸ்டிக்கைக் குனிந்து எடுக்கின்ற கைகளுள் மிகப் பல நம் சமுதாயத்தின் கைகளே. நம் கையில் தினந்தோறும் புழங்கும் ஒரு பொருளை நாம் அறிவால் அறியாமல் விடுவது முறையன்று.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். இன்று அதனை நெகிழி என்றும் வழங்குகிறோம். 1907ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் என்னும் அறிஞர் அமெரிக்காவில் பேக்லைட்டை உருவாக்கினார். மின்விசைப் பொத்தான்களும் பழைய வானொலிப் பெட்டிகளும் அதனால் ஆனவை. ஒருமுறை இறுகிவிட்டால் அது மீண்டும் உருகாது. 1933இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாலித்தீன் தற்செயலாகக் கிட்டியது. இது சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் இளகும். எத்திலீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோலக் கோத்து அமைந்ததே பாலித்தீன். வாழையிலையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில வாரங்களில் தின்று எருவாக்கிவிடுகின்றன. இந்தச் சங்கிலியை எளிதில் அறுத்து உண்ணும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. பிளாஸ்டிக்கின் பெருமையும் சிறுமையும் இந்த ஒரே இயல்பிலிருந்து பிறந்தவை.

அதன் பெருமையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. பித்தளைக் குடத்தையும் மண்குடத்தையும் இடுப்பில் சுமந்து நெடுந்தொலைவு நடந்த நம் தாய்மார்களுக்குப் பிளாஸ்டிக் குடம் சுமையைக் குறைத்தது. ஒழுகும் கூரைமேல் விரித்த பாய், மழையில் நனையாத புத்தகப் பை, மருத்துவமனையின் ஊசிக்குழல், குருதிப் பை, வயலுக்கு நீர் கொண்டு செல்லும் குழாய் என்று ஏழை எளியவர்க்கு அது செய்த நன்மைகள் பல. விலை மலிவு என்பதனாலேயே அது நம் குடிசைக்குள் முதலில் நுழைந்தது.

ஆயினும், அதே மலிவு நமக்கெதிராகவும் திரும்பியதுண்டு. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. அதன் பின்னும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நீடித்ததை நாம் அறிவோம். எதிர்ப்பு வலுத்தபோது சில ஊர்களில் கடைக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தனர். மற்றவர்க்குக் கண்ணாடிக் குவளை; நம்மவர்க்கு, குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் குவளை. கேட்டால், அது தூய்மைக்காக என்பார்கள். ஒரு பொருள் எவர் கையில் எதற்காகத் தரப்படுகிறது என்பதை நோக்காமல் அதனை நல்லதென்றோ தீயதென்றோ கூறிவிட இயலாது என்பதற்கு இதுவே சான்று.

இப்பொழுது கேட்டின் பக்கம் வருவோம். பிளாஸ்டிக் குடம் உடைந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். நாற்காலிக்கும் புட்டிக்கும் அங்கே விலையுண்டு. ஆனால், சால்னா கட்டிய பாலித்தீன் பையை எவர் வாங்குவார்? நூற்றுக்கணக்கில் சேர்த்தாலன்றி ஒரு கிலோ தேறாது. எண்ணெயும் மண்ணும் ஒட்டியதை எடுப்பாருமில்லை. ஆகவே குடம் திரும்பி வருகிறது, பை திரும்புவதில்லை. உலக அளவிலும் இதே கணக்குத்தான். 2015ஆம் ஆண்டு வரை உலகில் குப்பையாகிய பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 9 விழுக்காடே மறுசுழற்சிக்குச் சென்றது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேட்டிலோ நிலத்திலோ நீரிலோ தங்கிவிட்டது என்று 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

அந்த 79 விழுக்காட்டின் பொருளை அறிய மதுரையைச் சுற்றி வந்தாலே போதும். ஒருகாலத்தில் வயலுக்கு நீர் தந்த கிருதுமால் நதி நகருக்குள் சாக்கடையாகிக் கிடக்கிறது. கண்மாய்களின் வரத்துக் கால்வாய்களில் பைகள் அணை கட்டுகின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிச் சென்ற மறுநாள் வைகை மணலைப் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. எச்சில் சோற்றோடு பையையும் விழுங்கிய மாட்டின் வயிற்றில் அது செரிக்காமல் திரண்டு உயிரைக் குடிக்கிறது. தெருவோரத்தில் குப்பையைக் கொளுத்தும்போது பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்சின் போன்ற கொடிய நஞ்சு எழுகிறது. மாநகராட்சியின் குப்பை சென்று சேர்ந்த அவனியாபுரம் வெள்ளக்கல்லின் அருகில் வாழ்வோர் அப்புகையின் நெடியை நன்கறிவர்.

இவையெல்லாம் ஊர் முழுமைக்கும் பொதுவான கேடுகள். நம்மவர்க்கென்றே விழும் கேடு ஒன்று உண்டு. மக்கிப்போகாத பை பாதாளச் சாக்கடையை அடைக்கிறது. அடைப்பை எடுக்க ஒரு மனிதன் இறக்கப்படுகிறான். அவன் யார் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அங்ஙனம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்பதே, சாவு நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறதன்றோ! தமிழகத்தில் 2020இல் துப்புரவுப் பணியாளர் என்னும் பெயர் தூய்மைப் பணியாளர் என மாற்றப்பட்டது. பெயர் மாறியதை வரவேற்கிறோம். வேலையின் தன்மை மாற வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

சட்டம் தன் பங்குக்குச் சில செய்துள்ளது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 1-1-2019 முதல் தடை விதித்தது. 1-7-2022 முதல் நாடு முழுவதும் சில பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிற்று. ஆயினும், கடைத்தெருவில் தடை செய்யப்பட்ட பை இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்நிலையில், எவரும் வாங்காத அந்த மெல்லிய பைக்கும் விலை உண்டாக்க முடியும் என்று காட்டியவர் நம் மதுரையைச் சேர்ந்த ஒரு பேராசிரியர். தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், பாலித்தீன் இளகும் இயல்பையே வழியாகக் கொண்டார். சாலைக்குரிய கருங்கல் சல்லியை ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகிச் சல்லியின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும். பின்னர்த் தாரைச் சேர்த்தால் தாரும் கல்லும் இறுகப் பற்றிக்கொள்ளும். நீர் எளிதில் உட்புகாது. ஆதலால் குழி விழுவது குறையும். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அத்தகைய சாலை அமைந்தது. 2006இல் அம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் இதில் செலவாகும். பெருநகரங்களைச் சூழ்ந்த சாலைப் பணிகளில் இம்முறையைப் பின்பற்றுமாறு நடுவணரசு 2015இல் பணித்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இச்சாலை எல்லா நோய்க்கும் மருந்தன்று. பி.வி.சி.யை இதில் சேர்த்தல் கூடாது. சூட்டில் நச்சு வாயு வரும். அன்றியும், எவ்வளவு சாலை போட்டாலும் எறிவதைக் குறைக்காவிட்டால் குப்பை மலியவே செய்யும். இவற்றினும் மேலாக நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சாலைக்கு வேண்டியது வகை பிரித்த, உலர்ந்த, தூய்மையான பிளாஸ்டிக். அதனை வகை பிரிப்பவர் யார்? மீண்டும் நம் கைகளே. ஒரு டன் பிளாஸ்டிக்கால் மிச்சமாகும் தாரின் விலையில் அந்தக் கைகளுக்கு என்ன பங்கு? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே நாம் இங்கு வந்துள்ளோம்.

பங்கு பெற முடியும் என்பதற்கு மராட்டிய மாநிலத்தில் முன்மாதிரி உண்டு. புனே நகரில் குப்பை பொறுக்கி வாழ்ந்தோர் 1993இல் சங்கம் கண்டனர். அவர்களுள் மிகப் பலர் நம்மவர்; அவர்களுள்ளும் பெரும்பாலோர் பெண்கள். பின்னர் அவர்களே உறுப்பினராக அமைந்த கூட்டுறவு அமைப்பு, 2008இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பணியை ஏற்றது. வீட்டார் செலுத்தும் கட்டணமும் பிரித்து விற்ற பொருளின் விலையும் அவர்களுக்குக் கிடைத்தன. அதே மாநிலத்தில் பணியாற்றிய அண்ணல் அம்பேத்கர், தோட்டித் தொழிலைத் தீண்டப்படாதார்க்குரிய உயர்ந்த தொண்டென்று புகழ்வதை 1945இல் வெளியிட்ட தம் நூலில் வன்மையாகக் கண்டித்தார். புகழ்மொழி நமக்கு வேண்டா. உரிமையும் ஊதியமும் வேண்டும்.

ஆகவே மூன்று பணிகளை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, நம் வீட்டிலும் நம் தெருவிலும் ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரித்து வைப்போம், ஒருபோதும் கொளுத்தமாட்டோம். நம் வீட்டுக் குப்பையை எடுக்க வருபவரும் நம் உறவினரே என்பதை மறவாதிருப்போம். இரண்டாவது, தூய்மைப் பணியாளர்க்குக் கையுறை, காலணி, மருத்துவ வசதி, நிலையான ஊதியம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவோம். சாக்கடைக்குள் எவரையும் இறக்கவிடோம். மூன்றாவது, இதுவே தலையாயது, நம் பிள்ளைகளை இப்பொருளின் அறிவுக்குள் அனுப்புவோம். பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் நடுவணரசு நிறுவனமான சிபெட் 1968இல் சென்னையில் தொடங்கப்பெற்றது. அதன் மையம் மதுரையிலும் உண்டு. வேதியியலும் பொறியியலும் கற்று, சோதனைக்கூடத்தில் நின்று பிளாஸ்டிக்கை ஆராயும் பிள்ளைகள் நம் தெருக்களிலிருந்து புறப்பட வேண்டும்.

தலைமுறை தலைமுறையாகப் பிறர் எறிந்ததை எடுத்த கைகள் இவை. இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தக் கைகளில் புத்தகத்தைக் கொடுத்து வந்துள்ளது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், குப்பையை அள்ளுவது எந்தச் சாதிக்கும் உரிய தொழிலாக இல்லாத மதுரையை அந்தப் புத்தகத்தின் துணைகொண்டு ஆக்குவோம்.