மரதன் ஓட்டமும் சப்பாத்தும்

1960ஆம் ஆண்டு றோமாபுரியில் நடைபெற்ற ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி வென்றார். புதிய சப்பாத்து அவர் பாதத்துக்கு இசையவில்லை. வெறுங்காலோட்டமோ அவருக்குப் பழகியிருந்தது. 1964இல் தோக்கியோவில் அவரே சப்பாத்தணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் வாகை சூடினார். எனவே சப்பாத்தில் குறையில்லை. பாதத்துக்குப் பொருந்தாமையே குறை.

நெடுந்தூரம் ஓடுகையில் பாதம் வீங்கும். ஆதலின் சப்பாத்தை மாலை வேளையில், ஓட்டத்துக்குரிய காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்குதல் நன்று. விரல்நுனிக்கு முன்னே ஒரு பெருவிரலகலம் இடமிருத்தல் வேண்டும். பயிற்சியின் நெடிய ஓட்டங்களில் அணிந்து பழகிய பின்னரே அதனைப் போட்டிக்குக் கொள்ளல் தகும். போட்டி நாளன்று புதுச் சப்பாத்து அணிபவர், பல மாத உழைப்பை ஒரு கொப்புளத்துக்குப் பலிகொடுக்கவுங் கூடும்.