நீர்த்தாங்கியும் பூமியதிர்ச்சியும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



செயலாளர் அக்கா என்னிடம் சிறுநீரக நோய் பற்றிப் பேசும்படிதான் கேட்டார். உப்பைக் குறையுங்கள், பிறசரைப் பாருங்கள், நோ மாத்திரைகளைக் கண்டபடி விழுங்காதீர்கள். அந்தப் பேச்சு இத்துடன் முடிந்தது. மிகுதி நேரத்தில் தண்ணீர்த் தாங்கி ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் தங்கச்சிமார் முன்வரிசையில் இருப்பது எனக்குத் துணிவு தருகிறது.

நான் நியூசிலாந்தில் சிறுநீரக வைத்தியராக வேலை செய்கிறேன். அது அடிக்கடி நடுங்கும் நாடு. வைத்தியசாலையில் புதிய நீர்த்தாங்கி ஒன்று கட்டுவதற்கான குழுவில் வைத்தியர்களின் சார்பில் ஒருவர் வேண்டுமென்றார்கள். என்னை அனுப்பியதற்குக் காரணம் எளிது. வைத்தியசாலையில் தண்ணீரை அதிகம் செலவழிப்பவர்கள் நாங்கள்தான். ஒரு நோயாளிக்கு ஒரு தடவை இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய, நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் நான்கு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர் சுத்த நீர் வேண்டும். அந்தச் சுத்த நீரைப் பிரித்தெடுப்பதற்கு உள்ளே எடுக்கும் நீரோ அதைப்போல இரு மடங்கு வரையில் போய்விடும். கிழமைக்கு மூன்று தடவை. ஒரு நாள் தவறினால் பொறுக்கலாம், நாலு நாள் தவறினால் உயிருக்கு ஆபத்து.

பூமியதிர்ச்சியில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. இடிபாடுகளில் நசுங்கிய தசை, மீட்கப்பட்ட பிறகு தன் நஞ்சைக் குருதியில் கொட்டுகிறது. சிறுநீரகம் நின்றுவிடுகிறது. 1941இல் இலண்டனில் குண்டுவீச்சில் சிக்கியவர்களிடம் பைவாட்டர்ஸ் என்ற வைத்தியர் இதை விவரித்தார். 1999 ஓகஸ்டில் துருக்கியின் மர்மரா பூமியதிர்ச்சிக்குப் பின்னர் 639 பேருக்கு இவ்வாறு சிறுநீரகம் பழுதடைந்தது. அவர்களில் 477 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. ஆகவே நிலம் நடுங்கும் நாளில் எங்கள் தண்ணீர்த் தேவை குறைவதில்லை, கூடுகிறது. நகரக் குழாய்கள் உடைந்து கிடப்பதும் அன்றுதான். வெலிங்டனை எடுத்துக்கொண்டால், நகரத்துக்கு நீர் கொண்டுவரும் பெரிய குழாய்கள் நிலப்பிளவு ஒன்றைக் கடந்தே வருகின்றன.

குழுவின் முதலாவது கூட்டத்தில் பொறியியலாளரிடம் ஒன்று கேட்டேன்: "எந்த அதிர்ச்சிக்குத் தாங்குமாறு கட்டப் போகிறீர்கள்?" ரிச்டர் எண் ஒன்றைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு நாலு கேள்விகளைத் திருப்பிக் கேட்டார். எவ்வளவு அரிதான அதிர்ச்சி? எந்த மண்? தாங்கியின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேட்கிறீர்கள்? பிறகு அது உடையாமல் நின்றால் போதுமா, வேலையும் செய்ய வேண்டுமா?

கிரியேற்றினின் எண் ஒன்றை மட்டும் வைத்து நாங்கள் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதில்லை. வயது, எடை, எத்தனை நாளில் ஏறியது என்றெல்லாம் பார்ப்போம். நிலத்தின் உச்ச ஆர்முடுகல் என்ற ஒற்றை எண்ணும் அப்படித்தான். அது சுவருக்கு ஓரளவு செய்தி சொல்லும். உள்ளே இருக்கும் நீருக்கு அனேகமாக எதுவும் சொல்லாது.

ஏனென்று விளங்கக் கிணற்றடிக்குப் போவோம். செம்பில் நீர் எடுத்து நடந்தால் சிந்தாது. அகன்ற தாம்பாளத்தில் நீரோடு நடந்து பாருங்கள், நாலு அடியில் சேலை நனைந்துவிடும். பாத்திரம் அகலமாக அகலமாக நீர் ஆடும் காலம் நீள்கிறது. அது நடையின் தாளத்தோடு பொருந்தும்போது பரிவு ஏற்பட்டு நீர் எழும்புகிறது.

எங்கள் தாங்கி 10 மீற்றர் விட்டம், 5 மீற்றர் நீர், ஏறத்தாழ மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரம் லீற்றர். உள்ளிருக்கும் நீர் இரண்டு மனம் கொண்டது. கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 55 வீதம் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுவர் போனபடி போகும். அதன் அலைவுகாலம் ஒரு செக்கனின் பத்திலொன்று அளவுதான். மேற்பகுதி 45 வீதம் தன்பாட்டில் அங்குமிங்கும் சாயும். ஒரு சாய்ந்து திரும்பலுக்கு ஏறத்தாழ 3.4 செக்கன். இந்தப் பிரிப்பைத் தெளிவாக எழுதியவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஜோர்ஜ் ஹவுஸ்னர். ஒரே தாங்கிக்கு இரண்டு வேறு அதிர்வுகளைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது இதன் பொருள். அதற்காகவே பொறியியலாளர்கள் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு வளைகோட்டைப் பயன்படுத்துகிறார்கள். வெவ்வேறு நீளமுள்ள ஊசல்களை ஒரே பலகையில் நிறுத்தி, பலகையை ஆட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு துள்ளுகிறது என்று குறித்தால் வருவது அந்தக் கோடு.

தணிப்பிலும் வேறுபாடு உண்டு. கட்டடங்களுக்குச் சாதாரணமாக 5 வீதம் எடுப்பார்கள். ஆடும் நீருக்கு 0.5 வீதம்தான். எங்கள் தாங்கியில் அலையின் உயரம் பாதியாகக் குறையவே 22 ஆட்டங்கள் வேண்டும், அதாவது ஒரு நிமிடத்துக்கு மேல். நிலம் அடங்கிய பிறகும் நீர் அடங்காது. 3.4 செக்கனில் நீர் உணரும் ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஐந்திலொன்று என்றால், அலை 0.8 மீற்றர் எழும். அந்த இடத்தை மேலே வெறுமையாக விடாவிட்டால் நீர் கூரையை அடித்துப் பெயர்த்துவிடும்.

இது வெறும் கணக்கல்ல. 2003 செப்ரெம்பர் 26இல் யப்பானின் ஹொக்கைடோக் கடலோரத்தில் பெரும் அதிர்ச்சி. அங்கிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருந்த தொமகொமாய் நகரத்தில் கட்டடச் சேதம் பெரிதில்லை. ஆனால் அந்தச் சமவெளியின் ஆழமான மண்படைகள் மெதுவான, நீண்ட அலைகளைப் பெருக்கின. 40 மீற்றருக்கு மேல் விட்டமுள்ள எண்ணெய்த் தாங்கிகளின் ஆடற்காலம் ஏழு செக்கன் அளவு. இரண்டும் பொருந்தின. மிதக்கும் கூரைகள் சேதமாகின. அன்றே ஒரு தாங்கி எரிந்தது. இரண்டு நாள் கழித்து நப்தா இருந்த இன்னொன்று தீப்பற்றி ஒரு நாளுக்கு மேலாக எரிந்தது. உச்ச ஆர்முடுகலை மட்டும் பார்த்திருந்தால் அந்த இடத்தைப் பாதுகாப்பானது என்றுதான் சொல்லியிருப்போம்.

சுவர்ப் பக்கத்துக்கு வேறு நோய். தாங்கி ஒரு பக்கம் சாய்ந்து அமுங்கும்போது உருக்குத் தகட்டின் அடி வெளியே பிதுங்கி வளையமாக வீங்கும். பொறியியலாளர்கள் இதை "யானைக்கால்" என்கிறார்கள். எங்கள் யானைக்கால் நோயை இலங்கை ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. அவர்களுடையது இன்னும் இருக்கிறது.

இனி "எவ்வளவு அரிதான அதிர்ச்சி" என்ற கேள்வி. நான் அந்தக் குழுவில் இருந்ததற்குப் பயன் கிடைத்தது இதில்தான். நியூசிலாந்து நியமத்தில் சாதாரணக் கட்டடம் 500 ஆண்டுக்கு ஒருமுறை என்ற அளவு அதிர்ச்சிக்கு வடிவமைக்கப்படும். 50 ஆண்டில் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10 வீதம். அனர்த்தத்தின் பின் இயங்கியே ஆகவேண்டிய கட்டடங்களுக்கு 2500 ஆண்டு. வாய்ப்பு 2 வீதம். விசை 1.8 மடங்காகும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு இரண்டாவது வகையைப் போட்டிருந்தார்கள். வளவின் பின்புறத்தில் நிற்கும் தாங்கிக்கு முதலாவது வகை. வரைபடத்தில் அது ஒரு வட்டம், பக்கத்தில் "நீர்" என்று ஒரு சொல், அவ்வளவுதான். கணக்கில் பிழையில்லை. அந்த வட்டத்திலிருந்து யார் குடிக்கிறார்கள் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. இருபது படுக்கை, நாளொன்றுக்கு மூன்று முறை, அறுபது பேர், பதினாலாயிரம் லீற்றருக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தேன். செலவு கூடுமென்று நிதிப்பிரிவு முணுமுணுத்தது. அவர்கள் முணுமுணுப்பதும் நியாயம், அந்தப் பணத்தில் இயந்திரங்கள் வாங்கலாம். இரண்டு மாத இழுபறிக்குப் பின் தாங்கி மேல்வகைக்கு மாற்றப்பட்டது.

அரிதான அதிர்ச்சியில் உடையாமல் நிற்பது ஒன்று, 500 ஆண்டு அளவு அதிர்ச்சியில் தொடர்ந்து வேலை செய்வது வேறொன்று. மேல்வகைக்கு இரண்டையும் கேட்கிறார்கள். கலிபோர்னியாவின் ஒலிவ் வியூ வைத்தியசாலை 1971இல் இடிந்தது. மிக உறுதியாகத் திரும்பக் கட்டினார்கள். 1994இல் கட்டடம் அசையாமல் நின்றது. உள்ளே நீர்க்குழாய்கள் உடைந்து வெள்ளம் வந்ததால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 2011 பெப்ரவரி 22இல் கிறைஸ்ற்சேர்ச் வைத்தியசாலையில், டீசல் தாங்கியின் அடியில் படிந்திருந்த மண்டி குலுக்கத்தில் கலங்கி மின்பிறப்பாக்கிகளை நிறுத்தியது. தாங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை! இதற்காகவே எங்கள் தாங்கியோடு குழாய் சேரும் இடத்தில் வளையும் இணைப்புப் போடச் சொன்னேன். கையில் ஊசிக்குழாய் ஏற்றினால் ஒரு வளையம் விட்டு ஒட்டுவோமே, அதே சங்கதி.

எண்கள் நிலையானவை என்றும் எண்ண வேண்டாம். நியமத்தில் கிறைஸ்ற்சேர்ச்சின் ஆபத்துக் காரணி 0.22ஆக இருந்தது, 2011க்குப் பிறகு 0.30 ஆக்கினார்கள். வெலிங்டனுக்கு 0.40, ஓக்லாந்துக்கு 0.13. 2022இல் வந்த புதிய தேசிய மாதிரி பல இடங்களில் மதிப்பீட்டை மேலும் உயர்த்தியது.

"இலங்கைக்கு இதெல்லாம் ஏன்?" என்று ஓர் அக்கா இடைவேளையில் கேட்டார். இங்கே ஆபத்து மிகக் குறைவு, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் வெலிங்டனிலும் வன்கூவரிலும் வேலை செய்கிறார்கள், அவர்களில் சிலர் இப்படியான குழுக்களில் இருப்பார்கள்.

தங்கச்சிமாருக்கு ஒரு வேலை. பாடசாலை வளவில் நிற்கும் தாங்கியின் உள்விட்டத்தையும் நீர் உயரத்தையும் அளந்து வாருங்கள். ஆடற்காலத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை உங்கள் பௌதிகவியல் ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிறகு அதே விட்டத்தில் நீரைப் பாதியாக்கிக் கணக்கிடுங்கள். காலம் கூடுமா, குறையுமா? விடையைக் கண்டுபிடிப்பதற்கு முன் ஒரு ஊகம் எழுதி வையுங்கள்.