மறைந்தோர் நினைவாக ஓர் ஓட்டம்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி நிதியைப் பெருக்கும் வழி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். அதற்கு ஒரு முதியவரின் ஓட்டத்தை எடுத்துக்காட்டாகக் கூற விரும்புகிறேன்.

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். மன்னவனூரில் புறப்பட்டு, பூம்பாறை வழியாகக் கொடைக்கானலை அடைந்த பின்னரும் ஓட வேண்டிய தொலைவு எஞ்சியிருக்கும். அத்தகைய ஓட்டத்தை 89 வயதில் ஓடி முடித்தவர் பௌஜா சிங் என்னும் பஞ்சாப் உழவர். அவர் ஜலந்தர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். கால்கள் வலுவின்றி ஐந்து வயது வரை நடக்க இயலாதவர். எழுத்தறிவு பெறும் வாய்ப்புக் கிட்டாதவர்.

1992-இல் அவர் தம் மனைவியை இழந்தார். 1994-இல் மகன் குல்தீப் விபத்தில் மாண்டதைக் கண்ணெதிரே கண்டார். பின்னர் இலண்டனில் மற்றொரு மகனுடன் வாழ்ந்த காலத்தில், அத்துயரினின்று மீளவே ஓடத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானில், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் நலனுக்குப் பாடுபடும் ஓர் அறநிறுவனத்திற்காக ஓடினார். தம் மகனை மீட்க இயலாத தந்தை, பிறர் பெற்ற பிள்ளைகள் பிழைக்க ஓடினார் என்பதை எண்ணிப் பாருங்கள். 2011-இல் டொராண்டோ நகரில், நூறு வயதில், முழுத் தொலைவையும் எட்டு மணி நேரத்திற்கு மேல் ஓடி முடித்தார். 2025 ஜூலையில், தம் சொந்த ஊரருகே கார் மோதி இயற்கை எய்தினார்.

நூறு வயதில் செய்த அச்சாதனையைக் கின்னஸ் நிறுவனம் ஏற்கவில்லை. காரணம், அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. இச்செய்தி நம் நெஞ்சைத் தொட வேண்டும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குத் தோட்டத்திலும் உழைத்து மறைந்தனர். அவர்களுள் எத்தனை பேரின் பிறந்த நாள் நமக்குத் தெரியும்? எத்தனை பேருக்கு ஒரு நிழற்படமேனும் உண்டு?

இறந்தோர்க்கு மரியாதை செய்வதை நான் குறை கூறவில்லை. ஆயினும் பதினாறாம் நாள் காரியத்திற்குக் கடன் வாங்கி, ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுகிறோம். நினைவு நாள் பதாகை இரண்டு மழையில் வெளுத்துப் போகிறது. அதே வீட்டுப் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் தேறியும், விடுதிக் கட்டணத்திற்கு வழியின்றிக் கூலிக்குச் செல்கிறது. இதனை நாம் மாற்ற வேண்டாவா?

அண்ணல் அம்பேத்கர் தம் துணைவியார் இரமாபாயை 1935-இல் இழந்தார். 1940-இல் வெளியிட்ட பாகிஸ்தான் பற்றிய நூலை அவ்வம்மையாரின் நினைவுக்கே உரிமையாக்கினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். நினைவைக் கல்லில் மட்டுமன்றி, கல்வியிலும் நிறுத்தலாம்.

அறநிதி ஓட்டத்தின் முறை எளிது. ஓடுபவர், "நான் இன்னார் நினைவாக, இன்ன பணிக்காக ஓடுகிறேன்" என்று உற்றார் உறவினரிடமும் நண்பர்களிடமும் அறிவிக்கிறார். அவர்கள் இயன்ற தொகையை அப்பணிக்கு அளிக்கின்றனர். 2004 முதல் நடைபெற்று வரும் மும்பை மாரத்தானில் இவ்வாறே பல அறநிறுவனங்கள் நிதி திரட்டுகின்றன.

நாமும் ஆண்டுக்கு ஒரு நாள் இங்கு அத்தகைய ஓட்டம் நடத்துவோம். முழு மாரத்தான் வேண்டா. ஐந்து கிலோமீட்டர் போதும். முதியோர் நடக்கட்டும். மலைச்சரிவில் விரைந்து இறங்குவது முழங்காலுக்குக் கேடு. ஆதலால் பல வாரப் பயிற்சியும், தேவைப்படுவோர்க்கு மருத்துவர் ஆலோசனையும், வழியில் குடிநீரும் இன்றியமையாதன. திரளும் பணம் தனி வங்கிக் கணக்கில் சேரட்டும். ஒரு ரூபாய்க்கும் இரசீது தருக. வரவு செலவு பொதுக்குழுவில் படிக்கப்படுக. கணக்குத் தூய்மையாயின் கொடுக்கும் கை சுருங்காது.

ஓடுவோர் ஒவ்வொருவரும் தம் மறைந்த உறவினரின் பெயர், ஊர், செய்த தொழில் ஆகியவற்றைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதுக. உதவி பெறும் மாணவர், எவர் நினைவாகத் தாம் படிக்கிறோம் என்பதை அறிந்து கொள்க. 2023 அக்டோபர் முதல் நாளன்றும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றிற்குப் பிறப்புச் சான்றிதழே வயதுச் சான்றாகும். பெற்றோரே, அதனைத் தவறாது பெறுங்கள்.

இளைஞர்களே, இச்சங்கத்தின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளைப் பெரியோர் தாங்கினர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் உங்கள் பொறுப்பு. முதல் ஓட்டத்திற்கான பெயர்ப்பட்டியலை இக்கூட்டம் முடியுமுன் செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்குமாறு வேண்டி அமர்கிறேன்.