மலையூரும் மழை அறிவிப்பும்

(வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூரில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



இன்று மாலை நான் இக்கூட்டத்திற்கு வரும் வழியில் மழை பிடித்துக் கொண்டபடியால், கடைவீதியில் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்க நேர்ந்தது. அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் கொழுந்து பறிக்கும் ஒரு வயதான அம்மையார், "மூணு தரம் பெரிய மழை வருது, வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க என்று வந்து சொன்னாங்க. மூணு தரமும் போனோம். மூணு தரமும் தூறலோடு போச்சு. ஆட்டைக் கட்ட இடமில்லை. கூலியும் போச்சு. நாலாம் தரம் வந்து கூப்பிட்டால் நான் போகப் போறதில்லை" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "இவங்களுக்கு என்ன தெரியும்? பஞ்சாங்கத்திலேயே இந்த வருஷம் மலைக்கு மழை குறைச்சல் என்று போட்டிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தோழர்களே! நான் வேறு விஷயம் பேசுவதாகத்தான் வந்தேன். ஆனால் அந்த அம்மையாரின் வீடு சரிவில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்து கொண்ட பிறகு, வேறு எதைப் பற்றிப் பேசவும் மனம் வரவில்லை. ஆகையால் இன்று மழையைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் பஞ்சாங்கக்காரரைக் கவனிப்போம். பஞ்சாங்கத்தில் உள்ளது எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அமாவாசை என்றைக்கு, கிரகணம் எத்தனை மணிக்கு என்று அதில் போட்டிருந்தால் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். ஏனென்றால் அது கணக்கு. சந்திரன் போகும் பாதையை யாரும் மறிப்பதில்லை. ஆனால் அதே புத்தகத்தில், இந்த வருஷத்து மேகத்துக்கு அதிபதி இன்ன கிரகம், மழை இத்தனை மரக்கால், அதில் சமுத்திரத்துக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, பூமிக்கு இத்தனை பங்கு என்றும் போட்டிருக்கிறார்களே, அது எந்தக் கணக்கு? கிரகணக் கணக்கு சரியாயிருப்பதைக் காட்டி, மரக்கால் கணக்கையும் நம்மிடம் விற்று விடுகிறார்கள். நல்ல அரிசிக்கு அடியில் பதரைப் போட்டு அளப்பது போன்ற வியாபாரம்தான் இது.

மேலும், மலைக்கு இத்தனை பங்கு என்றால் எந்த மலைக்கு? நமது நீலகிரியையே எடுத்துக் கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கூடலூரிலும் தேவாலாவிலும் கொட்டுகிறது. அப்போது குன்னூரில் அவ்வளவு மழை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று அடிக்கும்போது குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொட்டுகிறது. அப்போது கூடலூரில் மழை குறைந்து போகிறது. ஒரே ஜில்லா, ஒரே மலை, ஒரே பஞ்சாங்கம்! கிரகம் பார்த்து மழை பெய்வதானால், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கிரகமும் அந்தப் பக்கம் வேறு ஒரு கிரகமுமா ஆட்சி செய்கிறது?

காரணம் ஆகாயத்தில் ஒளிந்திருக்கும் அதிபதியல்ல. நமது காலின் கீழ் உள்ள மலைதான். வங்காள விரிகுடாவின் மேல் வரும் காற்று நீராவியைச் சுமந்து வருகிறது. சமவெளியைத் தாண்டி நமது கிழக்குச் சரிவில் முட்டியதும், அதற்குப் போக வழி மேலேதான். மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி என்று வைத்துக் கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் வேர்க்கிறவன் 6,000 அடி உயரத்திலுள்ள குன்னூருக்கு வந்து கம்பளி தேடுவது இதனால்தான். குளிர்ந்த காற்று அவ்வளவு நீராவியைத் தாங்காது. ஆகவே நம் தலைமேல் அதை இறக்கி விடுகிறது. மலையைத் தாண்டி மேற்கே இறங்கும்போது அதே காற்று சுமை குறைந்து போகிறது. இதற்குப் பரிகாரமும் இல்லை, பூஜையும் இல்லை. தெரிந்து கொண்டு நடப்பது ஒன்றுதான் உண்டு.

தெரிந்து கொள்ள முடியும் என்று மனிதன் கண்டுபிடித்த கதையைக் கொஞ்சம் சொல்லுகிறேன். 1859-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பிரிட்டன் கரையில் ஒரு பெரும் புயல் அடித்தது. ராயல் சார்ட்டர் என்னும் கப்பல் பாறையில் மோதி உடைந்து 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிட்ஸ்ராய் என்னும் கப்பல் தளபதி அதைக் கண்டு, புயல் ஓர் ஊரில் அடித்துவிட்டு மறு ஊருக்கு வருவதற்குள், தந்தி அதற்கு முன்னால் போய்விடுமே என்று யோசித்தார். கரையோர ஊர்களில் காற்றழுத்தக் கருவிகளை வைத்துத் தந்தி மூலம் செய்தி வாங்கி, 1861-இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார். அவ்வருஷம் ஆகஸ்டிலிருந்து பத்திரிகையிலும் வானிலை அறிவிப்பு வந்தது. இந்தப் பிட்ஸ்ராய் நாத்திகரல்ல; பெரிய பக்திமான். டார்வினைத் தம் கப்பலில் ஏற்றிக் கொண்டு உலகைச் சுற்றியவர் அவரே. அதே டார்வினின் கொள்கையை வேதத்துக்கு விரோதம் என்று எதிர்த்தவரும் அவரே. ஆனால் புயல் என்று வந்தபோது அவர் வேதத்தைப் புரட்டவில்லை, கருவியைத்தான் பார்த்தார்.

அவருடைய அறிவிப்புகள் பல தவறின. பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் 1865-இல் இறந்த பிறகு, கற்றறிந்தோர் குழு ஒன்று, இதற்கு ஆதாரம் போதாது என்று சொல்லி 1866-இல் நிறுத்தி வைத்தது. அப்போது எச்சரிக்கை வேண்டும், வேண்டும் என்று கேட்டவர்கள் யார்? கடலில் போய்ப் பிழைக்கிறவர்கள். தவறுகிற எச்சரிக்கையானாலும், அது இல்லாமல் இருப்பதைவிட இருப்பது மேல் என்பது உயிரைப் பணயம் வைத்தவனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருஷமே புயல் எச்சரிக்கை திரும்பவும் வந்தது.

பிறகு 1922-இல் ரிச்சர்ட்சன் என்பவர், காற்றின் போக்கைக் கணக்கிட்டே மழையைச் சொல்லலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆறு மணி நேரத்து வானிலையைக் கையால் கணக்கிட அவருக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. கடைசியில் விடையும் தப்பு. அந்தத் தப்பை மறைக்காமல் அவரே தம் புத்தகத்தில் அச்சிட்டார். அடுத்து வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். 1950-இல் கணக்கு யந்திரம் ஒருநாள் வானிலையை ஏறக்குறைய ஒரு நாளில் கணக்கிட்டது. இன்று சில மணி நேரத்தில் பல நாட்களுக்குக் கணக்கிடுகிறார்கள். ஆனால் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மேல் நாள்வாரியாகச் சொல்ல முடியாது என்று அவர்களே ஒப்புக் கொள்கிறார்கள்.

இதுதான் தோழர்களே, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். எதுவரை தெரியும், எதற்குமேல் தெரியாது என்று சொல்லுவது அறிவு. ஒரு வருஷத்துக்கும் சேர்த்து மரக்கால் கணக்கில் அளந்து சொல்லிவிட்டு, தவறினால் வாய் திறக்காமல் அடுத்த வருஷத்துப் புத்தகத்தை விற்பது வியாபாரம்.

இனி அந்த அம்மையார் கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மூன்று தரம் சொன்னார்கள், வரவில்லையே, ஏன்? கடலில் உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வு ஐம்பது மைல் வடக்கே தள்ளிப் போனாலும் நமக்கு வரவேண்டிய மழை வேறு ஊருக்குப் போய்விடும். அதிலும் மலையூரில் ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் பெய்வது அந்தப் பக்கம் பெய்வதில்லை. ஆகவே "பெய்யக்கூடும்" என்றுதான் சொல்ல முடியுமே தவிர, "உன் வீட்டுக் கூரை மேல் பெய்யும்" என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எதற்காகப் போவது என்பீர்கள். வீட்டில் ஒருவனைப் பாம்பு கடித்து விட்டால் என்ன செய்கிறோம்? விஷப் பாம்பா, இல்லையா என்று தெரிகிற வரையில் உட்கார்ந்திருக்கிறோமா? தூக்கிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். டாக்டர் பார்த்து, விஷமில்லை என்று சொன்னால், "வீணாக ஓடி வந்தோமே" என்று வருத்தப்படுகிறோமா? சந்தோஷத்தோடு வீட்டுக்குத் திரும்புகிறோம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூன்று தரமும் தூறலோடு போயிற்று என்றாரே, அந்தத் தூறல் எங்கே போயிற்று? காற்றோடு போகவில்லை, மண்ணுக்குள் போயிருக்கிறது. நமது சரிவுகளில் உள்ள கனத்த மண் நீரைக் குடித்துக் குடித்துப் பாரமாகிறது. மண்ணும் மண்ணும் பிடித்துக் கொண்டிருக்கும் பிடி, உள்ளே நிற்கும் நீரின் அழுத்தத்தால் தளர்கிறது. அந்த நிலையில் ஒரு பெரிய மழை வந்தால், காய்ந்த மண் தாங்கியிருக்கக் கூடியதை ஊறிய மண் தாங்காது. ஆகவே மூன்று தரம் தூறியது என்பது, நாலாம் தரம் போகாமலிருப்பதற்குக் காரணமல்ல. நாலாம் தரம் கட்டாயம் போக வேண்டும் என்பதற்கே காரணம்.

2009-ஆம் வருஷம் நவம்பரை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்கு அடுத்துள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அப்படியானால் ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 33 ஆயிரம் லிட்டர், அதாவது 33 டன் பாரம்! அந்த நாட்களில் இந்த ஜில்லாவில் மண் சரிந்து 40-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் பாவம் செய்தவர்களா? சரிவில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான். வேறு இடம் கிடைக்காதவனே சரிவில் குடியிருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே அறிவிப்பின் பாஷையைத் தெரிந்து கொள்ளுங்கள். ஒரு நாளில் சுமார் 65 மில்லிமீட்டரிலிருந்து கனமழை. 116-லிருந்து மிகக் கனமழை. 204-க்கு மேல் அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனமாயிரு. ஆரஞ்சு என்றால் தயாராயிரு. சிவப்பு என்றால் உடனே செய். அறிவிப்பு வராவிட்டாலும், சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு விட்டால், மரமும் கம்பமும் சாய்ந்தால், கதவு திடீரென்று இறுக்கிக் கொண்டால், தெளிவாக வந்த ஊற்று சேறாக வந்தால், யாரையும் கேட்காமல் வெளியேறுங்கள். ராகுகாலம் பார்த்து வெளியேறுகிறவனுக்காக மண் காத்திருக்காது.

ஆனால் அறிவுரை முழுவதையும் ஏழைக்கே சொல்லி முடிப்பது யோக்கியமாகாது. போ என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஆட்டைக் கட்ட இடமில்லை, கூலி போயிற்று என்று அந்த அம்மையார் சொன்னது மூட நம்பிக்கையல்ல, கணக்கு. ஜாக்கிரதையின் செலவைக் கூலிக்காரர் தலையில் மட்டும் கட்டினால், அவர் ஜாக்கிரதையை வெறுக்கத்தான் செய்வார். பள்ளிக்கூடத்தில் விளக்கு, கக்கூஸ், சூடான சோறு, ஆடு மாட்டுக்கு ஒரு கொட்டகை, வராத நாளுக்குக் கூலி — இவற்றைக் கொடுத்துவிட்டு அழையுங்கள். மழைக்கு முன்பே சாக்கடையையும் ஓடையையும் தூர் எடுங்கள். மலையைச் செங்குத்தாக வெட்டிக் கட்டடம் கட்ட அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்லுவது, கிணற்றில் தள்ளிவிட்டுக் கயிறு தேடுவதற்குச் சமம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் சமைத்தது, யார் பக்கத்தில் யார் படுப்பது என்று பார்த்துப் போகாமல் இருக்கிறவர்களும் உண்டு. மண் சரியும்போது ஜாதி பார்த்துச் சரிகிறதா? புதைந்தவனைத் தோண்டி எடுக்க வருகிறவனிடம் எந்த ஜாதி என்று கேட்பீர்களா? சாகும்போது இல்லாத ஜாதி, சோறு தின்னும்போது எதற்கு?

தோழர்களே! அறிவிப்பையும் குருட்டுத்தனமாக நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு பக்கத்தில் அறிவிப்பு சொன்னதை எழுதுங்கள். மறு பக்கத்தில் பஞ்சாங்கம் சொன்னதை எழுதுங்கள். நடுவில் உங்கள் முற்றத்தில் பெய்ததை எழுதுங்கள். தை பிறக்கட்டும். எதை நம்புவது என்று அந்தப் புத்தகமே உங்களுக்குச் சொல்லும்.

கூட்டம் முடிந்ததும் இங்குள்ள இளைஞர்கள் நாலு பேர் என்னுடன் வாருங்கள். அந்த அம்மையாரின் ஆட்டுக்கு முதலில் இடம் பார்ப்போம். பிறகு அவரை அழைப்போம் என்று கூறி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.