குழாயின் அந்தப் பக்கம்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டதால், பேசியபடியே கொடுத்திருக்கிறேன்.)

 

"சமயத்திலும் இலக்கியத்திலும் அறம்" என்று பெரிய தலைப்பைக் கொடுத்துவிட்டு, இருபது நிமிஷத்தில் முடித்துவிடுங்கள் என்கிறார் செயலாளர். அந்தப் பக்கம் சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வள்ளுவரில் ஆரம்பித்து நம் வீட்டுக் கழிவுநீரில் முடிக்கிறேன். முகம் சுளிக்காதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

திருக்குறளின் முதல் நான்கு அதிகாரங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். முதலில் கடவுள் வாழ்த்து. அடுத்தது வான்சிறப்பு, அதாவது மழை. மூன்றாவது நீத்தார் பெருமை. அதற்கும் பிறகு நான்காவதாகத்தான் அறத்தைப் பற்றிய அதிகாரம் வருகிறது. தண்ணீரைப் பேசிய பிறகுதான் அறத்தையே பேசுகிறார். இதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது நான் கவனித்ததில்லை. பாலாற்றங்கரையில் அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

என்னைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். முப்பது வருஷம் இந்தப் பக்கத்து டேனரி ஒன்றில் கணக்கு எழுதியவன். எங்கள் முதலாளி நல்ல மனிதர். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. என் தங்கை கல்யாணத்துக்குக் கேட்காமலே பணம் கொடுத்தார். விரதம், தான தர்மம் எதிலும் குறை வைத்ததில்லை. சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போனதில்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பின்பக்கத்து வால்வு திறக்கும். குரோம் கலந்த தண்ணீர் ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போகும். அது எனக்குத் தெரியும். சுத்திகரிப்புச் செலவு என்ற தலைப்பில் நான் என்ன தொகை எழுதினேன் என்பதும் எனக்குத் தெரியும்.

என் அத்தையைக் கொடுத்த ஊர் ஆற்றோரம், எங்கள் டேனரிக்குக் கீழே இருக்கிறது. அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கட்டத்துக்கு மேல் பருப்பு வேகாமல் போயிற்று. உப்பு. "என்னடா, உங்க ஷாப்புத் தண்ணியாடா இது?" என்று அத்தை ஒருமுறை கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எத்தனை குடும்பங்களுக்கு இது சோறு போட்டது! அதில் என் குடும்பமும் ஒன்று. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தில் இவ்வளவு கேடு இல்லை. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. முடித்த தோலுக்கு மாறினார்கள், குரோமின் உபயோகமும் பெருகியது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கு என்றே படிக்கிறார்கள். ஒரு கிலோ தோலை முடித்தெடுக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது, டேனரிகள் இருக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்றெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். அதோடு தீர்ந்ததா? 2025 ஜனவரி 30-ல் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இத்தனை கோயில், பள்ளிவாசல், தேவாலயம் உள்ள ஊர்களில் இது எப்படி நடந்தது? ஓடும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லித் தருவார்கள் என்பார் மேல்விஷாரத்து நண்பர் ஒருவர். பிறன் யார் என்று கேட்டவருக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்த மனிதனின் கதையைச் சொன்னார் இயேசு. மணிமேகலை அமுதசுரபியை எடுத்துக்கொண்டு சிறைக்கே போய்ச் சோறு போட்டு, அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்ற வைத்தாள். போதனைக்கா நம்மிடம் பஞ்சம்? இந்தக் கதைகளில் எல்லாம் கஷ்டப்படுகிறவன் கண் எதிரே இருக்கிறான். அடிபட்டவன் வழியில் கிடக்கிறான், பசித்தவன் கையை நீட்டுகிறான். எங்கள் முதலாளியும் கண் எதிரே வந்து நின்ற ஒருவரையும் வெறும் கையோடு அனுப்பியதில்லை. குழாயின் அந்தப் பக்கம் இருந்தவர்களைத்தான் அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனாலும் பேசவில்லை. இரண்டில் எது பெரிய பாவம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பார்க்கவே முடியாதவர்களைப் பற்றி யோசித்தவர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். பழைய கோயில் கல்வெட்டுகளின் கடைசியில் அடிக்கடி ஒரு வாசகம் வரும். ஏரிக்கோ விளக்குக்கோ நிலம் எழுதி வைத்தவர், இந்தத் தர்மத்தைப் பிற்காலத்தில் காப்பவருடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று எழுதி வைப்பார். கொடுத்தவர் அவர், ஆனால் காப்பாற்றப் போகிறவன் காலில் விழுகிறார்! இன்னும் பிறக்காத ஒருவனுடைய காலில். தர்மம் செய்வதைவிட அதைப் பராமரிப்பது கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் சங்கத்தின் பராமரிப்புக் கட்டண ரசீதில் அதை அச்சடிக்கலாம் என்று பொருளாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணம் ஏறிவிட்டதால், காற்று ஊதும் மோட்டாரை ராத்திரியில் நிறுத்திவிடலாம், மிஞ்சுகிற தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடலாம் என்கிறது தீர்மானம். கொண்டுவந்தவர்களும் நல்லவர்களே. வாடகைக்கு இருப்பவர்கள், ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் படும் சிரமத்தைத்தான் பேசுகிறார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வெளியே போகிறது. நம் அறுபது வீட்டுக்கும் கணக்குப் போட்டால் தினம் ஏறக்குறைய 26,000 லிட்டர், பெரிய டேங்கர் லாரியில் இரண்டு லோடு. தொட்டியில் வேலை செய்வது நுண்ணுயிர்கள். அவற்றுக்கு மூச்சுவிட ராத்திரியிலும் காற்று வேண்டும். பல மணி நேரம் நிறுத்தினால் செத்துப் போகும், காலையில் மறுபடி போட்டதும் எழுந்துவிடாது. ஆகவே ராத்திரி மட்டும் நிறுத்துவோம் என்பது, நிலையத்தையே மூடுவோம் என்பதற்கு வேறு பெயர். கால்வாய் எங்கே போகிறது என்று போன வாரம் நடந்து போய்ப் பார்த்தேன். ஆற்றுக்குத்தான் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சகதியிலேயே இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த பையன்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு வால்வின் சத்தம்தான் ஞாபகம் வந்தது. நம் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியும் வெளி மாநிலம்தான். தொட்டி அடைத்துக்கொண்டால் யாரை உள்ளே இறங்கச் சொல்வோம்? ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் மோட்டாரை நிறுத்தினால் அடைப்பு வரும், வந்தால் யாராவது ஒருவர் "கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்பார். அந்த ஒருவர் நானாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.

மோட்டாரை முழு நேரமும் ஓட்டினால் வீட்டுக்கு மாதம் இருநூறு ரூபாய்க்குள் கூடுதலாக வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சங்கம் ஒத்துக்கொண்டால், கொடுக்கச் சிரமப்படுகிறவர்கள் பெயர் வெளியே தெரியாமல் அதை ஈடு செய்ய ஒரு தனிக் கணக்கு தொடங்கலாம். முதல் ஆறு மாதத்துக்கு நான் போடுகிறேன். அத்தைக்கு எடுத்துக் கொடுத்த புடவை மாதிரி இது ஆகிவிடக் கூடாது என்பதால், எதிர்த்து வாக்களிக்கவும் போகிறேன்.

பொதுக்குழுவுக்கு முந்தின நாள் சாயந்திரம் ஐந்து மணிக்கு நிலையத்தைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். நாற்றம் கொஞ்சம் இருக்கும்.