சொன்னது யார்? எழுதியிருப்பது எங்கே?

(கந்தர்வக்கோட்டையில் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூலகத்தையும் இணையத்தையும் பயன்படுத்தி மாணவர்களை விவரமறிந்த குடிமக்களாக வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

2018 நவம்பர் 16. கஜா புயல் நம் பக்கத்தை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் முந்திரியும் வேரோடு கிடந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துச் சார்ஜ் ஏற்றிய என் கைபேசியில், வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. வீடு சேதமானவர்கள் நாளைக்குள் தாலுகா அலுவலகத்தில் படிவம் கொடுத்தால்தான் நிவாரணம் என்றது. யார் எழுதியது, என்றைக்கு எழுதியது என்று நான் பார்க்கவில்லை. பெற்றோர் குழுவில் போட்டுவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா, சரிந்த கூரையை அப்படியே விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு நடந்து போயிருக்கிறார். அங்கே அப்படி ஒரு படிவமே இல்லை. பிறகு என்னைப் பார்த்தபோது, “நீங்க போட்டதுனாலதான் சார் போனேன். வேற யாராச்சும் போட்டிருந்தா போயிருக்க மாட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பள்ளி திறந்ததும் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன். சொன்னது யார்? என்றைக்குச் சொன்னது? எழுதியிருப்பது எங்கே? பிள்ளைகளைக் கிளை நூலகத்துக்கு அழைத்துப்போனேன். நூலகர் புயல் வார நாளிதழ்களைக் கட்டாக எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த வாட்ஸ்அப் தகவல்களில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு தேடினார்கள். சில தகவல்கள் கிடைத்தன. சிலவற்றில் தேதி மாறியிருந்தது. சில எங்குமே இல்லை. ஒரே சேதத்துக்கு இரண்டு நாளிதழ்கள் இரண்டு எண்ணிக்கை போட்டிருந்ததையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டு, “எது சார் சரி?” என்றார்கள். அரசின் செய்திக்குறிப்பைத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியம் அங்கேதான் வந்தது. நானாகப் பாடம் நடத்தியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

அன்றைக்கு நூலகர் இன்னொன்றும் சொன்னார். வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும் என்றார். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது. இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. மறுநாள் நாலைந்து ரசீதுகள் வகுப்புக்கு வந்தன. “அப்ப இது நம்ம காசுல வாங்குன பேப்பரா சார்?” என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பிறகு நூலகத்துக்குப் போகச் சொல்லி நான் யாரையும் விரட்டியதில்லை.

அந்த மாணவிக்கு வருகிறேன். அவள் எட்டாம் வகுப்பு வந்த ஆண்டு. அவளுடைய அம்மாச்சி, 1991-இல் நம் மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். அப்போது சைக்கிளும் ஓட்டப் பழகியவர். (நம் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதையைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி, அது என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில்கூட இடம்பெற்றது. நம் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது.) அந்த அம்மாச்சி, நூறு நாள் வேலைக்குப் போன நாள்களையெல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சேர்த்து வைத்திருந்தார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடத்தினேன். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் என்பது எல்லோருக்கும் தெரியும். நாம் வேகமாகக் கடந்துவிடுவது 4-ஆவது பிரிவை. யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் வெளியிட வேண்டிய விவரங்களைச் சொல்கிற பிரிவு அது. நூறு நாள் வேலையின் விவரங்கள் அப்படித்தான் அரசு இணையதளத்தில் இருந்தன. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் வேலை அட்டை வரை பார்க்க முடிந்தது. அந்தப் பெண் பள்ளிக் கணினியில் அம்மாச்சியின் அட்டையைத் திறந்தாள். காலண்டர் தாள்களோடு ஒப்பிட்டாள். இரண்டு நாள் குறைந்தது.

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அரசு ஊழியராகிய நாம் பிள்ளைகளைத் தூண்டிவிடுவதாகப் பேச்சு வருமே! வரவும் வந்தது, “சாருக்கு எதுக்கு இந்த வேலை?” என்று ஒருவர் டீக்கடையில் கேட்டார். மறைவாக எதையும் எடுக்கவில்லை, எல்லோரும் பார்க்கலாம் என்று அரசே வைத்திருப்பதைத்தான் படித்தோம் என்றேன். புகார் எழுத வேண்டாம், கிராம சபையில் கேட்கட்டும் என்று முடிவு செய்தோம். ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்குத்தான் கொடுத்திருந்தது.

2020 ஜனவரி 26. ஊராட்சித் தலைவர்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த நேரம். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அம்மாச்சி எழுந்து, அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தேதிகளையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் உண்மையிலேயே விடுபட்டிருந்தது; சரிசெய்வதாகச் சொன்னார்கள், பிறகு செய்தும் விட்டார்கள். இன்னொரு நாள் அம்மாச்சியின் தவறு. அன்றைக்கு ஊரில் காது குத்து, வேலையே நடக்கவில்லை. சபையே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் என் மாணவியின் முகம் வாடிவிட்டது. “நம்ம தாளும் தப்பா இருக்கும்ல சார்” என்றாள். நான் எத்தனை பிரிவுகள் நடத்தியும் அவளுக்கு இது வந்திருக்காது.

இப்போது பெற்றோர் குழுவில் நான் ஒரு தகவல் போட்டால், எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் தேதியையும் சேர்த்துப் போடுகிறேன். இரண்டு முறை மறந்திருக்கிறேன். இரண்டு முறையும் அந்த அம்மாதான் கேட்டார்.

அம்மாச்சியைச் சென்ற மாதம் சந்தையில் பார்த்தேன். “கம்ப்யூட்டர்ல எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு சார். அடுத்த தடவை பெருசாப் போட்டுக் குடுங்க, நானே பாத்துக்கிறேன்” என்றார்.